இழையின் எந்தப் பக்கம்? திசை பார்த்து ஒளியைச் சிதறடித்த சீசியம் அணுக்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் 2016 வரை ஒரு குழு செய்த தொடர் சோதனைகளைப் பற்றியது இந்தக் குறிப்பு. குழுவினரின் பெயர்கள் இங்கே தேவையில்லை. அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்தான் தேவை. இதே வகை அமைப்பைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி எளிமையானது. ஓர் ஒளியிழையை ஒட்டி அணுக்களை நிறுத்தி வைக்கிறோம். இழையில் இடமிருந்து வலம் போகும் ஒளியையும் வலமிருந்து இடம் போகும் ஒளியையும் அந்த அணுக்கள் ஒரே மாதிரி நடத்துமா? நீண்ட காலமாக இருந்த பதில் 'ஆம்'. ஒளி குறுக்கலை, அதன் மின்புலம் பயணத் திசைக்குச் செங்குத்தாகவே ஆடும் என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் எதிர்த்திசையில் வரும் அதே போலரைசேஷன் (மின்புலம் ஆடும் விதம்) கொண்ட ஒளிக்கும் அணுவின் கண்ணில் வேறுபாடு இருக்க இடமில்லை.

ஆனால் ஒளியை அதன் அலைநீளத்தைவிடக் குறுகிய இடத்துக்குள் நெருக்கினால் இந்தப் படம் உடைகிறது. மின்புலத்தின் வலிமை பக்கவாட்டில் வேகமாகக் குறையும் இடத்தில், பயணத் திசையிலேயே ஆடும் ஒரு நீள்கூறும் கட்டாயம் தோன்ற வேண்டும். மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் முதலாவதே அதைக் கேட்கிறது. இந்த நீள்கூறு குறுக்குக்கூறோடு 90 பாகை கட்டம் விலகி ஆடும். இரண்டும் சேர்ந்தால் மின்புலம் சுழலும். சுழற்சியின் அச்சு எங்கே இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். வெறுவெளியில் வட்டப் போலரைசேஷன் கொண்ட ஒளி திருகாணி போலப் போகிறது, அச்சு பயணத் திசையிலேயே கிடக்கிறது. இழைக்கு வெளியே கசிந்து நிற்கும் புலம் உருளும் வண்டிச் சக்கரம் போன்றது, அச்சு பயணத் திசைக்குக் குறுக்கே நிற்கிறது. வண்டி திரும்பி வந்தால் சக்கரமும் மறுபக்கமாகச் சுழலும்.

முதலில் கண்ணில் பட்டது

2013-இல் வெளியான முடிவு இழையில் கிடைத்ததல்ல. கண்ணாடியால் ஆன, நடுவில் சற்றே புடைத்த ஒரு நுண் ஒத்ததிர்வியின் (குறிப்பிட்ட அதிர்வெண் ஒளியைத் தேக்கி வைக்கும் அமைப்பு) விளிம்பைச் சுற்றி ஒளி ஓடுகிறது. அதன் அருகே ருபீடியம்-85 அணுக்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. வலஞ்சுழியாக ஓடும் ஒளி, இடஞ்சுழியாக ஓடும் ஒளி என்று இரண்டு பாங்குகள் (ஒளி ஓடும் வடிவங்கள்) உண்டு. பழைய கோட்பாட்டின்படி அணு இந்த இரண்டையும் பிணைத்து நிலையலை (நகராமல் நின்ற இடத்திலேயே ஆடும் அலை) ஆக்கும். அந்த நிலையலைகளில் ஒன்றோடு மட்டும் அது உறவாடும், மற்றொன்று அணு இருப்பதையே அறியாது. இதிலிருந்து ஒரு வரம்பு வருகிறது. ஒத்ததிர்வி தனியாக இருக்கும்போது ஊடுகடத்தல் (கடந்து போகும் ஒளியின் பங்கு) சுழியமாகும்படி, ஒளி ஊட்டும் இழையோடு அதன் இணைப்பைச் சரிசெய்து வைத்தால், அணு வந்தபின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் 25 விழுக்காட்டுக்கு மேல் ஒளி கடந்து போக முடியாது. ஒரு பாதி முழுதாகக் கடக்கிறது, மறுபாதி சுழியம், சராசரி வீச்சு அரை, அதன் இருமடி கால்.

அளந்தபோது ஊடுகடத்தல் அந்த வரம்பைத் தாண்டியது. கருவிப் பிழை என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். குழு போலரைசேஷனைக் கணக்கிட்டுப் பார்த்தது. நீள்கூறு உள்ள பாங்கில் இரு திசை ஒளிகளின் மின்புலங்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்வதால் நிலையலையே சரியாக உருவாவதில்லை. அணு ஒரு திசையில் ஓடும் ஒளியோடு மட்டும் பேசுகிறது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான்.

தங்கத் துகளில் ஒரு சரிபார்ப்பு

அடுத்த முடிவு, அணுக்களை விட்டுவிட்டு எளிய ஒரு பொருளில் விளைவைத் தனியாகப் பார்ப்பது. 2014-இல் வெளியான அந்தச் சோதனையில் ஒரு நானோ இழையின் (மிக மெலிதாக இழுத்த ஒளியிழை) மேற்பரப்பில் ஒற்றைத் தங்க நுண்துகள் ஒட்டப்பட்டது. பக்கவாட்டிலிருந்து லேசர் ஒளியைத் துகள் மீது குவித்து, சிதறிய ஒளியில் எவ்வளவு இழையின் எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்தார்கள். மாற்றியவை இரண்டு: படும் ஒளியின் வட்டப் போலரைசேஷனின் கை (மின்புலம் வலமாகச் சுழல்கிறதா இடமாகவா என்பது), இழையைச் சுற்றித் துகள் இருக்கும் கோணம்.

இழைக்குள் புகுந்த ஒளியில் 94 விழுக்காடு வரை ஒரே திசைக்குத் திரும்பியது. கையை மாற்றினால் திசையும் மாறியது. துகள் லேசர் வரும் பக்கமாகவோ நேர் பின்பக்கமாகவோ இருந்தால் சாய்வு இல்லை, பக்கவாட்டில் இருந்தால் உச்சம்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும், பலர் குழம்பும் இடம் இது. தங்கத் துகள் அமைப்பு திசை காட்டுகிறது, ஆனால் ஒருவழிப் பாதை ஆகவில்லை. எந்தத் திசை என்று முடிவுசெய்வது வெளியிலிருந்து நாம் தரும் ஒளியின் கை. இழைக்குள்ளேயே முன்னும் பின்னும் ஒளியை அனுப்பினால் துகள் இரண்டையும் ஒரே அளவில்தான் குறைக்கும். ஒளியைத் திசை மாற்றி ஓட்டினால் அதே பாதையில் திரும்பி வரும் என்ற மீள்தன்மை அப்படியே இருக்கிறது. அதை உடைக்க, கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் மாறிப்போகும் ஏதோவொன்று பொருளுக்குள்ளேயே வேண்டும். ஸ்பின் (அணுவின் உள்சுழற்சி) ஒரு பக்கமாக அமைந்த அணு அப்படிப்பட்டது. அணுவுக்குத் திரும்பியது வெறும் ஆர்வத்தால் அல்ல, இந்தத் தேவையால்.

அணு அமைப்பு

நானோ இழை என்பது வழக்கமான 125 மைக்ரான் ஒளியிழையைச் சுடரில் சூடாக்கி இரு பக்கமும் இழுத்து மெலிதாக்கியதுதான். நடுப்பகுதியின் விட்டம் 500 நானோமீட்டர், நீளம் சில மில்லிமீட்டர். சோதனைக்குப் பயன்படும் 852 நானோமீட்டர் ஒளிக்கு இது ஒற்றைப் பாங்கு இழை. ஆற்றலில் கணிசமான பகுதி கண்ணாடிக்கு வெளியே ஓடும்.

இழுத்த இழை தூசியை மன்னிக்காது. இடைப்பகுதியில் ஒரு துகள் ஒட்டினாலும் ஒளி அங்கே சிதறும். வெற்றிடத்துக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாததால், அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறி லேசர்களின் சில மில்லிவாட்டுகளே இழையை அறுத்துவிடலாம். தூய காற்றோட்ட மேடையில் இழுப்பது, இழுத்த கையோடு மூடிய பெட்டியில் எடுத்துப்போய் வெற்றிட அறைக்குள் வைப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் ஊடுகடத்தலை அளந்து குறித்துக்கொள்வது ஆகியவை கட்டாயம். சீசியம் ஆவியும் மெல்ல இழைமேல் படியும். ஊடுகடத்தல் நாளுக்கு நாள் இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான்.

அணுக்களைப் பிடித்து வைப்பது இழைக்குள்ளேயே ஓடும் இரண்டு லேசர்கள். 1064 நானோமீட்டர் ஒளி இரு முனையிலிருந்தும் வந்து நிலையலை அமைத்து அணுக்களை ஈர்க்கிறது. 783 நானோமீட்டர் ஒளி தள்ளுகிறது. தள்ளும் புலம் வேகமாகத் தேயும், ஈர்க்கும் புலம் சற்றுத் தொலைவு எட்டும். இரண்டும் சமனாகும் இடம் இழை மேற்பரப்பிலிருந்து சுமார் 230 நானோமீட்டர். நிலையலையின் முடிச்சுகளுக்கு இடையில் முட்டைத் தட்டுக் குழிகள் போல வரிசையாகப் பொறிக்குழிகள் அமைகின்றன. ஒரு குழியில் அதிகபட்சம் ஓர் அணு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது: இப்படி ஒரு வரிசை அல்ல, இழையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு வரிசைகள் அமைகின்றன.

இரண்டு வரிசைகளின் சிக்கல்

இழை வடக்கு தெற்காகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அணு வரிசைகள் கிழக்கிலும் மேற்கிலும். சோதனை ஒளியின் போலரைசேஷனும் கிழக்கு மேற்காக. வடக்கே போகும் ஒளியின் மின்புலம், மேலிருந்து பார்த்தால், கிழக்குப் பக்கத்தில் ஒரு சுழியாகச் சுழன்றால் மேற்குப் பக்கத்தில் எதிர்ச்சுழியாகச் சுழலும். தெற்கே போகும் ஒளிக்கு இரண்டும் இடம் மாறும்.

எல்லா அணுக்களையும் ஒரே ஸ்பின் நிலையில் வைத்தால் என்ன ஆகும்? கிழக்கு வரிசை வடக்கே போகும் ஒளியைத் தடுக்கும். மேற்கு வரிசை தெற்கே போகும் ஒளியைத் தடுக்கும். மொத்தத்தில் இரண்டு திசையும் சமமாகக் குறையும். ஒவ்வோர் அணுவும் திசை பார்த்தே வேலை செய்யும், முனையில் இருக்கும் அளவி மட்டும் எதையும் பார்க்காது. விளைவு இருந்தும் இல்லாதது போலத் தோன்றும் இடம் இது. பின்னால் இதைக் கட்டியவர்களில் பலர் நாட்களை இழப்பதும் இங்கேதான்.

லேசரைக் குவித்து ஒரு பக்க அணுக்களை மட்டும் தொடலாமே என்று தோன்றும். வரிசைகளுக்கு இடையிலான தொலைவைக் கூட்டிப் பாருங்கள்: 230 + 500 + 230, மொத்தம் 960 நானோமீட்டர். பயன்படும் ஒளியின் அலைநீளம் 852. நடுவில் கண்ணாடி உருளை ஒன்று வில்லை போல நின்று ஒளியை வளைக்கிறது. வெளியிலிருந்து குவித்துப் பிரிக்க இடமே இல்லை.

குழு எடுத்த முடிவு, சிக்கலைத் தந்த அதே பண்பைக் கருவியாக்குவது. இழைக்குள் அனுப்பும் ஒரே ஒளி இரு பக்கத்திலும் எதிரெதிர்ச் சுழியில் இருக்கிறது. அதைக் கொண்டே ஆப்டிகல் பம்பிங் (ஒளியால் அணுக்களை ஒரே ஸ்பின் நிலைக்குத் தள்ளுவது) செய்தால் ஒரு வரிசை எம் +4 நிலைக்கும் மறு வரிசை எம் -4 நிலைக்கும் போகும் (எம் என்பது ஸ்பின் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கான எண்). ஒத்ததிர்விலிருந்து விலகிய அதிர்வெண்ணில் அனுப்பினால், அந்த ஒளி இரு பக்க அணுக்களுக்கும் எதிரெதிரான ஒரு போலிக் காந்தப்புலமாகத் தெரியும். வெளியிலிருந்து தரும் உண்மைப் புலத்தோடு அது ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் கழியும். 9.19 கிகாஹெர்ட்ஸ் அருகே மைக்ரோவேவைத் துல்லியமாக வைத்தால் ஒரு பக்க அணுக்களை மட்டும் நிலை மாற்றலாம். ஒரு மைக்ரானுக்குள் நிற்கும் இரண்டு கூட்டங்களை ஒரே பாங்கைக் கொண்டு தனித்தனியாகக் கையாள முடியும் என்பதை 2014-லேயே தனியாகக் காட்டினார்கள்.

காந்தப்புலம் எங்கே நோக்க வேண்டும்

இழை அச்சு வழியாகப் புலம் தருவதுதான் பழக்கம். வெறுவெளி ஒளிக்கு அது சரி. இங்கே தவறு. சுழற்சியின் அச்சு இழைக்கும் குறுக்கே, அணு வரிசைகளை இணைக்கும் கோட்டுக்கும் குறுக்கே இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அது செங்குத்து. புலமும் செங்குத்தாகவே இருக்க வேண்டும். சாய்ந்தால் அணுவின் ஸ்பின் அச்சும் ஒளியின் சுழற்சி அச்சும் விலகி, தடைபடக் கூடாத திசையின் ஒளியும் தடைபடத் தொடங்கும்.

புலத்தின் அளவை ஒரு சிறு கணக்கு சொல்லும். எஃப் 4, எம் +4 நிலையிலிருந்து எஃப் 5, எம் +5 நிலைக்குத் தாவும் அதிர்வெண் (எஃப் என்பது அணுவின் மொத்தச் சுழற்சிக்கான எண்), காந்தப்புலத்தின் ஒரு காஸுக்கு 1.4 மெகாஹெர்ட்ஸ் நகரும். எதிர்ப் பக்கத்து -4இலிருந்து -5க்கான தாவல் அதே அளவு மறுபக்கம் நகரும். 10 காஸ் கொடுத்தால் இரண்டுக்கும் இடையே 28 மெகாஹெர்ட்ஸ். இயல்பான கோட்டகலம் (அணு ஒளியை ஏற்கும் அதிர்வெண் பட்டையின் அகலம்) 5.2 மெகாஹெர்ட்ஸ்தான். ஆக, சோதனை ஒளியின் அதிர்வெண்ணே எந்தப் பக்கம் என்று தேர்ந்துவிடும்.

புலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. +4 நிலையிலுள்ள அணு எதிர்ச்சுழி ஒளியையும் கொஞ்சம் ஏற்கும், எம் +3 வழியாக. அந்தத் தாவலின் வலிமை முதன்மைத் தாவலில் 45-இல் ஒரு பங்கு. சிறியதுதான், ஆனால் தடைபடக் கூடாத திசையின் ஒளியில் பெரும்பகுதி அந்தச் சுழியில் இருப்பதால் அதன் பங்கு கணக்கில் வந்துவிடும். புலம் அதையும் ஒத்ததிர்விலிருந்து விலக்குகிறது.

போலரைசேஷனைச் சரிசெய்தல்

இழையின் தடித்த பகுதிகள் வளையும் இடமெல்லாம் போலரைசேஷனைத் திருப்பும். வெற்றிட அறைக்கு வெளியே கிழக்கு மேற்காக அனுப்பியது உள்ளே அப்படியே போய்ச் சேராது. நடுப்பகுதியை ஒரு கேமராவால் பக்கவாட்டில் பார்த்து, இழையிலுள்ள நுண்குறைகளால் சிதறும் ஒளியின் பிரகாசத்தைக் கவனிப்பதுதான் நடைமுறை வழி. போலரைசேஷன் கேமராவை நோக்கியிருந்தால் சிதறல் ஏறக்குறைய மறையும். அலைத்தகடுகளைத் திருப்பி அந்த மறைவைத் தேட வேண்டும். இரண்டு முனைக்கும் தனித்தனியாக. ஒரு முனையைச் சரிசெய்துவிட்டு மறுமுனையும் சரியாகிவிட்டது என்று நினைப்பது, முன் பின் வேறுபாட்டைத் தானே செய்துகொள்வது ஆகும்.

சரிபார்க்க எளிய எதிர்ச்சோதனை ஒன்று உண்டு. போலரைசேஷனை 90 பாகை திருப்புங்கள். அணுக்கள் இருக்கும் இடத்தில் நீள்கூறு மறைந்து மின்புலம் நேர்கோட்டில் ஆடும். திசை வேறுபாடும் மறைய வேண்டும். மறையாவிட்டால் அளந்தது வேறு எதையோ.

கிடைத்த விளைவு

அணு உமிழும் ஒளியின் திசைச் சாய்வை அணுவின் அகநிலையே முடிவுசெய்கிறது என்று 2014-இல் காட்டப்பட்டது. ஐசொலேட்டராக (ஒளியை ஒரு திசையில் மட்டும் விடும் கருவி) அது வேலை செய்த முடிவு 2015-இல் வெளியானது. ஒரு பக்கத்து அணுக்கள், சுமார் 30, ஒற்றை ஃபோட்டான் அளவிலான ஒளி. ஒரு திசையில் 78 விழுக்காடு கடந்தது, எதிர்த்திசையில் 13 விழுக்காடு. விகிதம் 6, அதாவது 7.8 டெசிபல். ஸ்பின்னை மாற்றினால் அனுமதிக்கும் திசையும் மாறியது.

இந்த எண்களைப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். 13 விழுக்காடு என்றால் ஒளியடர்த்தி (கடந்த பங்கின் இயல் மடக்கை, எதிர்க்குறியோடு) 2.04. 30 அணுக்களுக்கு வகுத்தால் அணு ஒன்றுக்கு 0.068. 78 விழுக்காட்டின் ஒளியடர்த்தி 0.25, அணு ஒன்றுக்கு 0.008. அணு ஒன்றின் திசைப் பாகுபாடு சுமார் 8 மடங்கு. கோட்பாடு என்ன சொல்கிறது? அணு இருக்கும் இடத்தில் மின்புலம் 92 விழுக்காடு தூய வட்டப் போலரைசேஷனாக இருக்கிறது, மீதி 8. விகிதம் 11.5. தோராயமாகக் கையாலேயே சரிபார்க்கலாம்: நீள்கூறு குறுக்குக்கூறில் பாதி என்று வைத்தால் ஒன்றரையின் இருமடி 2.25, அதை 2.5-ஆல் வகுத்தால் 90 விழுக்காடு. காந்தப்புலம் இல்லாவிட்டால் 45-இல் ஒரு பங்குத் தாவல், 8-உடன் இன்னும் 2 சேர்த்துவிடும், விகிதம் 9-க்கு இறங்கும். அளந்த 8-க்கும் 11.5-க்கும் இடையிலான வெளியை முழுமையற்ற பம்பிங், சிறு போலரைசேஷன் சாய்வு, குழிக்குள் அணுவின் அசைவு போன்றவை எளிதாக நிரப்பும். இதைவிட மிக நல்ல விகிதம் ஒருவருக்கு இதே இழையில் கிடைத்தால், மகிழ்வதற்கு முன் அணுக்களின் எண்ணிக்கையை மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஆய்வில் ஒத்ததிர்வி வழியும் சோதிக்கப்பட்டது. ஒற்றை ருபீடியம் அணு, 13 டெசிபல் தடை, முன்னோக்கி 72 விழுக்காடு. அங்கே வட்டத் தூய்மை 97 விழுக்காடு. காரணம், கண்ணாடி விளிம்பை ஒட்டிச் சுற்றும் ஒளியின் புலம் வெளியே இன்னும் வேகமாகத் தேய்கிறது, அதனால் நீள்கூறு பெரிது. ருபீடியத்தில் எதிர்ச்சுழித் தாவல் 28-இல் ஒரு பங்கு. இந்த வழியே 2016-இல் ஒற்றை அணுவால் இயங்கும் நான்கு வாய் ஒளிச் சுற்றியாக (ஒரு வாயில் நுழையும் ஒளியை அடுத்த வாய்க்கு அனுப்பும் கருவி) வளர்ந்தது.

ஒளி அளவு ஏன் அவ்வளவு குறைவு

எதிர்ச்சுழி ஒளி வலுவாக வந்தால் அணுவைப் படிப்படியாக எம் -4 பக்கம் தள்ளிவிடும். காவலாளி கட்சி மாறிவிடுவான், தடுக்க வேண்டிய திசையைத் திறந்துவிட்டு மற்றதைத் தடுப்பான். 852 நானோமீட்டரில் ஒரு பிகோவாட் என்பதே நொடிக்குச் சுமார் 43 இலட்சம் ஃபோட்டான். ஒவ்வொரு சிதறலும் அணுவுக்கு ஏறத்தாழ 0.2 மைக்ரோகெல்வின் வெப்பம் தரும். பொறியின் ஆழம் சில நூறு மைக்ரோகெல்வின் மட்டுமே, ஆயிரம் சிதறல் அளவில் அணு வெளியேறிவிடும். ஆகவே சோதனை ஒளி பிகோவாட் வரிசையில், குறுகிய துடிப்புகளாக. முன்னோக்கிய அளவையும் பின்னோக்கிய அளவையும் ஒரே ஏற்றத்தில் (பொறியில் ஒருமுறை நிரப்பிய அணுக்களோடு) அடுத்தடுத்து எடுத்தால் இரண்டாவது எப்போதும் குறைந்த அணுக்களைப் பார்க்கும். வரிசையை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்.

மாற்ற வேண்டியவை

முதலாவது வெப்பம். சோதனை ஒளி இல்லாதபோதும் இந்தப் பொறிகளில் அணுக்கள் மில்லிநொடிகளில்தான் தங்குகின்றன, வெறுவெளிப் பொறிகளைவிட மிகக் குறைவு. லேசர் இரைச்சல் என்று பலகாலம் பழி போடப்பட்டது. 2019-இல் வெளியான கோட்பாட்டு ஆய்வு இழையையே காட்டியது: இழை வீணைத் தந்தி போல வளைந்து அதிர்கிறது, பொறி அதோடு ஆடுகிறது, அணு சூடாகிறது. லேசரை மேலும் அமைதிப்படுத்த நேரம் செலவிடுவதைவிட, இழையின் தடிமனையும் தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளத்தையும் முதல் வரைபடத்திலேயே யோசிப்பது நல்லது.

இரண்டாவது குளிர்வித்தல். போலிக் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் அணுவின் அசைவையும் ஸ்பின்னையும் அது பிணைக்கிறது. அந்தப் பிணைப்பைக் கொண்டே அணுக்களை அடிநிலை அருகே குளிர்விக்க முடியும் என்பதை 2018-இல் அதே குழு காட்டியது. 2015 அளவீட்டின்போது இது கையில் இல்லை. இன்று தொடங்குகிறவர் ஏற்றத்துக்கும் அளவீட்டுக்கும் இடையே இதை ஒரு படியாகச் சேர்க்க வேண்டும். அணு குழியின் அடியில் அடங்கி நின்றால் போலரைசேஷன் சராசரியாகிக் கரைவதும் குறையும்.

மூன்றாவது, இரண்டு வரிசைகளையும் வீணாக்காமல் வைத்துக்கொள்வது. +4-உம் -4-உமாக எதிரெதிராகப் பம்ப் செய்த இரண்டு வரிசைகளும் உண்மையில் ஒரே திசையைத்தான் தடுக்கின்றன. பெரிய காந்தப்புலம் அவற்றின் அதிர்வெண்களைப் பிரித்துவிடுவதால்தான் ஒன்று கழிகிறது. ஸ்பின்னைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மட்டும், கோட்டகலத்தைவிடப் பிரிவு சிறிதாக, ஒரு காஸ் அளவில் வைத்தால் அணுக்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். 45-இல் ஒரு பங்குத் தாவல் அப்போது திரும்பி வரும். அணு ஒன்றின் விகிதம் 11.5-லிருந்து 9 அருகே இறங்கினாலும் மொத்தத் தடை கூடும். எந்தப் பக்கம் லாபம் என்பது எத்தனை அணுக்களை ஏற்ற முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஏற்றம் குறைவாக இருக்கும் அமைப்பில் சிறு புலத்தையே முதலில் முயல்வேன்.